தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகளும் ஞானப்பாட்டுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாமாலை, ஞானப்பாட்டு, கீர்த்தனை எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. ஐரோப்பிய மெட்டுக்குத் தமிழ்ச் சொல் கட்டிப் பாடுவது ஞானப்பாட்டு. லுத்தரன் சபைகளில் இந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அதே வகைப் பாட்டுகள் அடங்கிய புத்தகத்தைத் தென்னிந்தியத் திருச்சபையில் பாமாலை என்பார்கள். கீர்த்தனை நம் இசை முறையில் பல்லவி, சரணம் என்று ராகத்திலும் தாளத்திலும் அமைந்தது.

புத்தகத்தைத் திறந்தால் பாட்டின் தலைமாட்டிலேயே வேறுபாடு தெரிந்துவிடும். ‘8.7.8.7’ போல எண்கள் இருந்தால் அது ஞானப்பாட்டு. ‘சங்கராபரணம், ஆதி தாளம்’ போல இருந்தால் கீர்த்தனை. அந்த எண்கள் ஒவ்வொரு அடியிலும் எத்தனை ஒலித்துண்டுகள் என்பதைச் சொல்கின்றன. யாப்பிலக்கணத்தின் நேரசை, நிரையசையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ‘கர்த்தரே’ என்பது யாப்பில் நேர், நிரை என இரண்டு அசை. மெட்டுக் கணக்கில் கர்த், த, ரே என மூன்று துண்டு.

தமிழில் இதைத் தொடங்கியவர்கள் யார்?

சீர்திருத்தச் சபைப் பக்கம் பார்த்தால், 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு. தான் அறிந்த ஜெர்மன் பாட்டுகளை அதே மெட்டில் தமிழாக்கிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடக் கற்றுக்கொடுத்தார். அடுத்த தலைமுறையில் சென்னை வேப்பேரியில் ஊழியம் செய்த ஜான் பிலிப் பப்ரிசியுஸ் (1711–1791) அந்த வேலையைச் செம்மையாக்கினார். வேதாகம மொழிபெயர்ப்பில் காட்டிய அதே கவனத்தோடு ஜெர்மன் ஞானப்பாட்டுகளையும் தமிழுக்குக் கொண்டுவந்தார்.

கத்தோலிக்கப் பக்கம் கதை வேறு. வீரமாமுனிவர் (1680–1747) ஐரோப்பிய மெட்டைக் கொண்டுவரவில்லை. தமிழ்ச் செய்யுளுக்குள் தாமே புகுந்தார். தேம்பாவணி 3 காண்டம், 36 படலம், 3615 விருத்தங்கள். கலம்பகம், அந்தாதி, மாலை என்று சிற்றிலக்கியங்களையும் விடவில்லை. ஏலாக்குறிச்சியின் அடைக்கல மாதாவைப் பாடிய திருக்காவலூர்க் கலம்பகத்தை இன்று திறந்தாலும் அது வெளியூர்க்காரர் எழுதியது என்று தோன்றாது. ஆனால் அவை புலவர் அவைக்கு உரியவை. ஞாயிற்றுக்கிழமை சபை முழுதும் சேர்ந்து பாடும் பாட்டு அவற்றிலிருந்து வரவில்லை.

மொழிபெயர்த்த பாட்டைப் பாடும்போது சில சொற்கள் ஏன் கெட்டுப்போகின்றன?

ஜெர்மனும் ஆங்கிலமும் அழுத்தத்தால் நடக்கும் மொழிகள். ஒரு துண்டை அழுத்திச் சொல்வார்கள், அடுத்ததை மெதுவாக விடுவார்கள். மெட்டும் அதற்கேற்ப எழும், விழும். தமிழோ அளவால் நடப்பது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. இந்த அளவு மாறினால் பொருளே மாறிவிடும். நெடிய சுரம் வரும் இடத்தில் ‘வரம்’ என்ற சொல்லின் முதலெழுத்து விழுந்தால் சபை ‘வாரம்’ என்று பாடும். ‘பலம்’ பாலமாகும், ‘மனம்’ மானமாகும், ‘கரம்’ காரமாகும்.

பலருக்கும் மனப்பாடமான மாலைப் பாட்டு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஹென்றி பிரான்சிஸ் லைட் 1847இல் எழுதியது. வில்லியம் ஹென்றி மங்க் 1861இல் போட்ட மெட்டில் பாடுகிறோம். அடிக்குப் பத்துத் துண்டு. தமிழில் முதலடி ‘என்னோடிரும், மா நேச கர்த்தரே’. எண்ணிப் பாருங்கள்: என், னோ, டி, ரும், மா, நே, ச, கர்த், த, ரே. பத்து சரியாக இருக்கிறது.

இனி மெட்டைப் பாருங்கள். முதல் மூன்று அடிகளிலும் 1ஆம், 4ஆம், 5ஆம் துண்டுகள் நீண்டவை, 10ஆவது எல்லாவற்றிலும் நீண்டது. அந்த நான்கு இடங்களில் விழுபவை ‘என்’, ‘ரும்’, ‘மா’, ‘ரே’. ஒற்றடுத்த குறில் இரண்டு, நெடில் இரண்டு. எதை இழுத்தாலும் சொல் சிதையாது. அடுத்த அடி ‘வெளிச்சம் மங்கி இருட்டாயிற்றே’. இதிலும் பத்துத் துண்டுதான். ஆனால் முதல் நீண்ட சுரத்தில் ‘வெ’ என்ற தனிக்குறில் மாட்டிக்கொள்கிறது. சபை ‘வேளிச்சம்’ என்று பாடும். ஐந்தாவதில் ‘கி’ விழுவதால் ‘மங்கீ’ என்று நீளும். ஒரே மொழிபெயர்ப்பாளர், ஒரே மெட்டு, அடுத்தடுத்த அடிகள். எண்ணிக்கை சரியாக இருப்பது மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல ஐரோப்பிய மெட்டுகள் ஒரு தளர்ந்த துண்டில் தொடங்கி அடுத்த துண்டில்தான் அழுத்தம் தரும். தமிழ்ச் சொல்லில் பலம் முதலெழுத்தில் இருக்கும். எனவே சொல்லின் தலை மெட்டின் தளர்ந்த இடத்தில் போய்விடுகிறது. மெட்டை மாற்றாமல் இதற்குத் தீர்வு ஒன்றே: அடியை ‘என்’, ‘உம்’, ‘நம்’, ‘ஓ’ போன்ற ஓரசைச் சொல்லில் தொடங்குவது. பழைய ஞானப்பாட்டுகளில் இப்படிச் சிறு சொற்கள் முன்னே நிற்பதை நிறையப் பார்க்கலாம்.

வேதநாயக சாஸ்திரியாரை ஏன் இவ்வளவு பெரியவராகச் சொல்கிறார்கள்?

மேலே சொன்ன சிக்கலை அவர் வேரோடு தீர்த்தார். மெட்டு முதலில் வந்து தமிழ் அதற்குள் நெளிந்து நுழைய வேண்டிய நிலையை மாற்றித் தமிழே தன் மெட்டோடு பிறக்கச் செய்தார்.

1774இல் திருநெல்வேலியில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே தஞ்சாவூர் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தம்மோடு அழைத்துச் சென்று படிக்கவைத்தார். அதே சுவார்ட்ஸ் ஐயரின் அரவணைப்பில் வளர்ந்தவர்தான் பின்னால் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி. அரண்மனையில் பரதமும் கீர்த்தனையும் குறவஞ்சியும் தழைத்த காலம் அது. அந்த ஊரில் காதில் விழுந்த எல்லா வடிவத்தையும் சாஸ்திரியார் எடுத்துக்கொண்டார். பெத்லகேம் குறவஞ்சி, ஞானத்தச்ச நாடகம், ஞான நொண்டி நாடகம், ஞான ஏற்றப்பாட்டு, கும்மி, செபமாலை என்று பட்டியல் நீளும். குறவஞ்சியின் தலைவி சீயோன் குமாரத்தியான தேவமோகினி. உலாவரும் தலைவனைக் கண்டு மயங்குவது, குறத்தி வந்து குறி சொல்வது என்ற கட்டுக்கோப்பு அப்படியே இருக்கிறது; பொருள் மட்டும் சபைக்கும் கிறிஸ்துவுக்கும் உள்ள அன்பு. அதற்குள்ளேயே பூகோளமும், சூரியனைப் பூமி சுற்றுகிறது என்ற புதிய வானநூலும் வருகின்றன. 1800ஐ ஒட்டிய தமிழ் நூலில் இது சாதாரணமல்ல. 1864இல் காலமானார்.

அவருடைய வேலைப்பாட்டுக்கு ஓர் உதாரணம்?

ஆராதனையும் கல்யாணமும் முடியும் வேளையில் பாடும் ‘சீர் ஏசு நாதனுக்கு ஜெய மங்களம்’. கச்சேரியும் காலட்சேபமும் மங்களத்தில் முடிவது தஞ்சை வழக்கம். அந்த இடத்துக்கென்றே இது கட்டப்பட்டது. பல்லவி ‘சீர் ஏசு’ என்று தொடங்குகிறது. அனுபல்லவி அடிகளின் தொடக்கம் ‘பாரேறு’, ‘நேரேறு’. சீரே, பாரே, நேரே: முதலெழுத்து மூன்றும் நெடில், இரண்டாம் எழுத்து மூன்றிலும் ‘ரே’. அடி எதுகை பிசகவே இல்லை.

உள்ளே நாதனுக்கு, நீதனுக்கு, பாதனுக்கு, போதனுக்கு, சங்கீதனுக்கு என்று ஒரே ஓசை தாளத்தோடு திரும்பத் திரும்ப வந்து விழுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் இரண்டு முறை கேட்டால் போதும், அடுத்த சொல் எப்படி முடியும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். எதுகையை அலங்காரம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புத்தகம் கையில் இல்லாத சபைக்கு அதுதான் ஞாபகக் கயிறு. பல்லவியின் முதலடி முடிந்ததும் ‘ஆதி’ என்ற சொல் தனியாக நின்று அடுத்த அடிக்குக் கைகொடுக்கிறதே, அதைத் தனிச்சொல் என்பார்கள். மூச்சு வாங்கும் இடத்தில் பாட்டு அறுந்துபோகாமல் காப்பது அதுவே.

சாஸ்திரியாரும் மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் ஒருவரா?

இருவரும் வேறு. மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) கத்தோலிக்கர், முன்சீப், பிரதாப முதலியார் சரித்திரம் எழுதியவர். அவருடைய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை இன்றும் கச்சேரி மேடையில் எல்லா மதத்தவரும் பாடுகிறார்கள்.

மிஷனரிகளோடு சாஸ்திரியாருக்கு என்ன தகராறு?

சுவார்ட்ஸ் காலத்து மிஷனரிகள் உள்ளூர் வழக்கங்களோடு ஒத்துப்போனார்கள். 1820களில் வந்த புதிய தலைமுறை அப்படி இல்லை. ஆலயத்தில் தமிழிசை கூடாது, பூமாலை கூடாது, சாதிப்படி தனித்தனியே உட்காரக் கூடாது என்றார்கள். சாஸ்திரியார் எல்லாவற்றையும் எதிர்த்து எழுதினார், மிஷன் வேலையை இழந்தார். அரண்மனை அவரை ஆதரித்தது.

இதை முழுதாகச் சொல்ல வேண்டும். இசையில் அவர் பக்கமே நியாயம். பிற்காலச் சபையே அதை ஒப்புக்கொண்டு அவருடைய பாட்டுகளைப் பீடத்துக்கு முன் பாடியது. சாதி இருக்கை விஷயத்தில் அவர் நின்ற பக்கம் தவறு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி அவரைப் புகழ்வதும் சரியல்ல, தள்ளுவதும் சரியல்ல.

கீர்த்தனையின் உறுப்புகள் என்னென்ன? ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது?

பல்லவி ஓரடி அல்லது இரண்டடி. ஒவ்வொரு சரணம் முடிந்ததும் இதற்குத்தான் திரும்புகிறோம். ஆகவே அது தனியாக நின்றாலும் பொருள் தர வேண்டும், எந்தச் சரணத்தின் வாலிலும் ஒட்ட வேண்டும். அனுபல்லவி ராகத்தை மேலே தூக்கும், பெரும்பாலும் மேல் ஸட்ஜத்தைத் தொடும். சரணங்கள் கதையை நடத்தும். மூன்றும் இருக்கலாம், பத்தும் இருக்கலாம். எல்லாச் சரணமும் ஒரே மெட்டு என்பதால் முதல் சரணத்தின் அளவு மற்றவற்றுக்குச் சட்டம்.

பலரும் தவறவிடுவது பல்லவிக்கும் சரணத்துக்கும் உள்ள கொக்கி. நல்ல கீர்த்தனையில் சரணத்தின் கடைசிச் சொல் பல்லவியின் முதற்சொல்லை எதிர்பார்த்து நிற்கும். வாக்கியம் பல்லவியில்தான் முற்றுப்பெறும். அப்படிப்பட்ட இடத்தில் ஆர்கன் வாசிப்பவர் இடையிசையை நீட்டினால் வாக்கியம் பாதியில் தொங்கும்.

எச். ஏ. கிருஷ்ண பிள்ளை கீர்த்தனை எழுதினாரா?

அவர் அடிப்படையில் விருத்தக் கவிஞர். 1827இல் திருநெல்வேலி அருகே வைணவக் குடும்பத்தில் பிறந்தார், சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தார், 1858இல் ஞானஸ்நானம் பெற்றார், 1900இல் மறைந்தார். ஜான் பன்யனின் மோட்சப் பயணக் கதையைத் தழுவிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வந்தது. சபையில் அவரை நிலைநிறுத்தியது இரட்சணிய மனோகரத்தில் உள்ள ‘சத்தாய் நிஷ்களமாய்’ பாடல்.

அதன் முதல் பாட்டை அடியடியாகப் பாருங்கள். நான்கு அடிகளின் தொடக்கம்: சத்தாய், சித்தாய், எத்தால், அத்தா. சத்து, சித்து, ஆனந்தம் என்ற வேதாந்தச் சொற்களை எடுத்து, அவற்றைத் திரித்துவத்தின் மேல் ஏற்றி, கடைசியில் ‘அத்தா உன்னை அல்லால் எனக்கு ஆர் துணை’ என்று ஒரு பிள்ளையின் குரலில் இறங்குகிறார். இப்போது சுந்தரரின் முதல் தேவாரத்தைப் பக்கத்தில் வையுங்கள். அடிகளின் தொடக்கம்: பித்தா, எத்தான், வைத்தாய், அத்தா. திருமழபாடிப் பதிகத்தின் முடிப்பு ‘அன்னே உன்னையல்லால் இனி யாரை நினைக்கேனே’. எதுகையும் விளியும் ஏக்கமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். தமிழ்ப் பக்திக்கு ஆயிரம் ஆண்டுகளாகப் பழகிய குரல் அது. அந்தக் குரல் கையில் இருந்ததால்தான் தத்துவச் சொல் நிறைந்த பாட்டைப் படிக்காதவரும் கண்ணீரோடு பாட முடிகிறது.

இவ்வளவு வடசொல் ஏன்?

19ஆம் நூற்றாண்டின் கீர்த்தனைத் தமிழே அப்படித்தான். வடசொல்லில் இன்னொரு வசதியும் உண்டு. ‘நித்திய’, ‘திவ்விய’, ‘பரம’ போன்றவை வேகமான தாளத்தில் இடத்தை நிரப்பிக்கொடுக்கும். அந்த வசதியைச் சிலர் அளவுக்குமீறிப் பயன்படுத்தினார்கள். பொருளில்லாத அடைமொழிகள் குவிந்தன. இன்று எழுதுபவர் இதைப் பின்பற்றத் தேவையில்லை.

தலைப்பில் போட்ட ராகத்தில்தான் பாட வேண்டுமா?

முடிந்தவரை ஆம். செஞ்சுருட்டி, ஆனந்த பைரவி, நாதநாமக்கிரியை, புன்னாகவராளி போன்றவற்றைக் கவிஞர் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. கிறிஸ்துவின் பாடுகளை, அதாவது துன்பங்களை, நினைக்கும் நாட்களுக்கு எழுதிய புன்னாகவராளிப் பாட்டைச் சங்கராபரணத்துக்கு இழுத்தால் அழுகை போய்விடும். ஆனாலும் பல ஊர்களில் பாடும் மெட்டு தலைப்போடு ஒத்துவராது. காரணம் எளிது: அச்சில் ராகப் பெயர் மட்டும் வந்தது, சுரம் வரவில்லை. பாட்டு வாய்வழியாகவே பரவியது. பிறகு ஹார்மோனியமும் ஆர்கனும் வந்தபோது சுரத்தை அசைத்துப் பாடும் கமகங்கள் தட்டையாகிப் பல ராகங்கள் மேற்கத்திய மேஜர், மைனர் பக்கம் சாய்ந்தன. பழைய மெட்டு தெரிந்த முதியவர் சபையில் இருந்தால் ஹார்மோனியம் இல்லாமல், தம்புராச் சுருதி மட்டும் வைத்து அவரைப் பாடவைத்துப் பதிவுசெய்யுங்கள். இது இப்போதே செய்ய வேண்டிய வேலை.

ஆபிரகாம் பண்டிதருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. கருணாமிர்த சாகரம் (1917) என்ற பெரும் இசை ஆராய்ச்சி நூலுக்காகவே அவரை நினைக்கிறோம். தஞ்சாவூரில் சித்த மருத்துவராக இருந்த அவர் (1859–1919) கிறிஸ்தவப் பொருளில் கீதமும் சுரஜதியும் கீர்த்தனையும் இயற்றிச் சுரப்படுத்தி அச்சிட்டார். ராகப் பெயர் மட்டும் போட்டு விட்டுவிடும் குறையை உணர்ந்து செய்த வேலை அது.

நாட்டுப்புற மெட்டில் எழுதுவது பிற்காலப் பழக்கமா?

சாஸ்திரியாரிடமே ஏற்றப்பாட்டும் கும்மியும் இருக்கின்றன. ஆனால் அதைக் கொள்கையாகவே எடுத்துக்கொண்டவர் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு. 2005இல் மறைந்த அவரைப் ‘பரட்டை’ என்றால் எல்லாருக்கும் தெரியும். கர்நாடக இசைக் கீர்த்தனை மேல்சாதி ருசியைச் சுமந்து வருகிறது, கிராமத்துத் தலித் சபைகளுக்கு அவர்களுடைய பறையும் மெட்டும் பேச்சும் வேண்டும் என்றார். கடவுளைப் ‘பெத்தவரே’ என்று விளித்தார். ‘பிதாவே’ என்பதைவிட அந்தச் சொல் நெருங்கி வருகிறது. தாயையும் தகப்பனையும் ஒன்றாகச் சேர்த்தும் கொள்கிறது. இவ்வளவு பெரிய வேலையைச் செய்யும் ஒற்றைச் சொல்லைத் தேடிப் பிடிப்பதுதான் கவிஞனின் தொழில்.

நானே ஒரு கீர்த்தனை எழுத வேண்டும். எங்கே தொடங்குவது?

முதலில் ஒரே ஒரு வேதப் பகுதி, ஒரே ஒரு மனநிலை. சிருஷ்டியில் தொடங்கி இரண்டாம் வருகை வரை ஒரே பாட்டில் அடைக்காதீர்கள்.

அடுத்தது தாளம், சொல்லுக்கு முன்பே. சபைக்கு ஆதி தாளமும் (8 எண்ணிக்கை) மும்மூன்றாக நடக்கும் திஸ்ர நடையும் கைவந்தவை. மிஸ்ர சாபு (7) அழகானது, ஆனால் பழகாத சபை கடைசி எண்ணிக்கையை இழுத்து 8 ஆக்கிவிடும். குரல் எல்லை கீழ் நிஷாதத்திலிருந்து மேல் ரிஷபம் வரை போதும். அதற்கு மேலே போனால் ஆண்கள் நின்றுவிடுவார்கள்.

பிறகு பல்லவி. கையில் தாளம் போட்டுக்கொண்டு, ராகம் இல்லாமல், சொல்லை மட்டும் சொல்லிப் பாருங்கள். நீளும் இடத்தில் தனிக்குறில் விழுந்தால் சொல்வரிசையை மாற்றுங்கள். ‘வரம் தாரும்’ இடறுகிறதா? ‘தாரும் வரம்’ என்று திருப்பினால் ‘தா’ நீளத்தை வாங்கிக்கொள்ளும், ‘வரம்’ இரண்டு குறுகிய தட்டில் போய்விடும். குறிலில்தான் தொடங்க வேண்டும் என்றால் எடுப்பைத் தள்ளி வையுங்கள். தாளம் விழுந்து அரை இடம் கழித்துப் பாட்டைத் தொடங்கினால் குறில் இழுபடாது. ஐரோப்பிய மெட்டில் இல்லாத இந்தச் சலுகை நமக்கு இருக்கிறது.

சரணம் எழுதும்போது மாத்திரையை எண்ணுங்கள், எழுத்தை எண்ணாதீர்கள். ‘கருணை’யும் ‘காட்சி’யும் எழுத்தெண்ணிக்கையில் ஒன்று, வாயில் ஒன்றல்ல. எதுகைக்காகப் பொருளை வளைக்க வேண்டிவந்தால் எதுகையை விட்டு மோனையைப் பிடியுங்கள். அது கிடைப்பது எளிது. சொல்லின் நடுவில் மூச்சு வாங்க வேண்டிய இடம் வரக் கூடாது. ‘இரட்சகர்’ என்பதில் ‘இரட்’ முன்னடியிலும் ‘சகர்’ பின்னடியிலும் விழுந்தால் யாராலும் அதைப் பாடிக் காப்பாற்ற முடியாது.

சோதனை செய்யும்போது முதல் சரணத்தைப் பாடாதீர்கள். அது மெட்டோடு சேர்ந்து பிறந்தது, எப்போதும் சரியாகவே இருக்கும். மூன்றாவதைப் பாடுங்கள், பாட்டை முன்பு கேட்டிராத ஒருவரிடம் கொடுத்து. அவர் எந்த எழுத்தில் தயங்குகிறாரோ அந்த எழுத்தைத் திருத்துங்கள். அவருக்குப் பாடத் தெரியவில்லை என்று சொல்லாதீர்கள்.

நீளமான பழைய கீர்த்தனையில் எந்தச் சரணங்களை விடலாம்?

நேரம் இல்லையென்றால் முதல் இரண்டையும் கடைசியையும் பாடுவது பொதுவழக்கம். பாடுகளைப் பற்றியும் பிறப்பைப் பற்றியும் உள்ள பாட்டுகளில் சரணங்கள் கதையாகத் தொடர்வதால் இப்படி வெட்டினால் கெத்செமனேயிலிருந்து நேரே கல்லறைக்குத் தாவ நேரும். அப்படிப்பட்ட பாட்டை ஒரே ஆராதனையில் இரண்டு இடங்களில் பிரித்துப் பாடுங்கள்: முதல் பாதியை வேதவாசிப்புக்கு முன், மறுபாதியைப் பிரசங்கத்துக்குப் பின். எழுதியவரின் பெயரைத் திரையிலோ தாளிலோ பாட்டின் அடியில் போடுங்கள். புத்தகத்தை விட்டுத் திரைக்கு மாறியபோது பல சபைகளில் முதலில் காணாமல்போனது அந்த ஒரு வரிதான்.